ஆறாவது பாகத்தைப் பற்றி நான் சொன்ன மிச்சம்

அந்தப் படம் மோசம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் நான் அதைப் புகழ்ந்து பேசியதாக எங்கள் தொழிற்சாலையில் இன்றைக்கும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். கேன்டீன் டிவியில் என் முகத்தோடும் என் குரலோடும் அது ஓடியது. பார்த்தவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

என் வேலை வல்லம் வடகாலில், கார்களுக்கு உள்ளே ஓடும் ஒயர்களைக் கட்டுகட்டாகச் சேர்த்துக் கொடுக்கும் ஒரு தொழிற்சாலையில். வீடு பென்னலூர். கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறேன். சினிமா பற்றி எழுதுகிற ஆள் இல்லை நான். ஆனால் இந்த ஒரு வரிசைப் படங்களைப் பொறுத்தவரை, என்னிடம் யாரும் வாய் கொடுத்துத் தப்பித்ததில்லை.

முதல் பாகத்தைப் பத்தாவது பரீட்சை முடிந்த லீவில் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், டிவியில், தமிழ்க் குரலில். வாயசைவு ஒரு பக்கம் போகும், குரல் ஒரு பக்கம் போகும். நடுநடுவே சோப்பு விளம்பரம். அதையெல்லாம் மீறி அது என்னைப் பிடித்துக்கொண்டது. நிலவுக்குள் குடைந்து கட்டிய ஒரு நகரம். அங்கே காற்றுக் குழாய்களைப் பழுது பார்க்கிற ஒரு பெண். நகரத்தின் ஒரு பகுதியில் விபத்து நடந்து, அதை மூடி முத்திரை வைத்துவிடுகிறார்கள். உள்ளே யாரும் உயிரோடு இல்லை என்று மேலிடம் சொல்கிறது. இவளுக்கு மட்டும் குழாய் வழியாக ஒரு தட்டல் சத்தம் கேட்கிறது. கதவைத் திறந்தால் மொத்த நகரத்துக்கும் காற்று குறையும். திறக்கக் கூடாது என்று உத்தரவு. கடைசியில் அவள் திறந்துவிடுகிறாள்.

ஏன் திறந்தாள் என்று படத்தில் ஒரு வார்த்தை கிடையாது. அவள் முகத்தை வெகுநேரம் காட்டுவார்கள். பின்னணி இசைகூட நின்றுவிடும். பிறகு அவள் கை அந்தக் கதவைத் திறக்கும் சக்கரத்தைப் பிடிக்கும். அவ்வளவுதான். அம்மா அடுப்படியில் இருந்து கூப்பிட்டது காதில் விழவில்லை.

அந்தப் படம்தான் என் வாழ்க்கையை மாற்றியது என்றெல்லாம் கதை விடமாட்டேன். பிளஸ் டூ முடித்த கையோடு பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் போய் உட்கார மாட்டேன் என்று சொன்ன அன்று, எனக்கு அந்தப் படம் ஞாபகத்திலேயே இல்லை. ஆனாலும் யாரும் சொல்லாமல், யாரையும் கேட்காமல் ஒரு பெண் ஒரு காரியத்தைச் செய்வதை நான் முதன்முதலில் பார்த்தது அங்கேதான். அதை என்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு வந்த பாகங்களை எல்லாம் தேடிப் பிடித்துப் பார்த்தேன். இரண்டாவது நல்ல படம். உள்ளே இருந்து வெளியே வந்தவர்களையும், காற்றுக் குறைந்து சிலர் செத்ததற்காக அவளையும் நகரம் எப்படி வெறுக்கிறது என்பதுதான் கதை. மூன்றாவது தடுமாறியது. நான்காவதில் குழந்தைகளுக்காக ஒரு இயந்திர நாய்க்குட்டியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது வாலாட்டி ஜோக் சொன்னது. அதையும் பொறுத்துக்கொண்டேன். ஐந்தாவதில் அந்தப் பெண்ணே இல்லை. பரவாயில்லை, ஓய்வெடுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆறாவது வந்தபோது நானாகத் தியேட்டருக்குப் போகவேண்டிய அவசியமே வரவில்லை. கம்பெனியே கூட்டிக்கொண்டு போனது. எங்கள் லைன் செய்து அனுப்பிய சரக்கில் ஒரு குறைகூட வரவில்லை என்று வெளிநாட்டுக் கார் கம்பெனி ஒன்று பாராட்டியிருந்தது. அதற்குப் பரிசாக எல்லோருக்கும் சினிமா. அந்த வாரம் பெரிய ஹீரோ படம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு எங்கள் மொத்தக் கூட்டத்துக்கும் இடம் கிடைக்கவில்லை. குன்றத்தூர் பக்கத்துத் தியேட்டரில் காலியாகக் கிடந்தது இந்தப் படம்தான். பஸ்ஸில் பெண்கள் எல்லோரும் முணுமுணுத்தார்கள். நான் ஒருத்திதான் ஜன்னல் ஓரத்தில் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்தில் என் தோழி. எனக்கு அடுத்த டேபிளில் வேலை செய்பவள். தென்காசிப் பக்கத்துக்காரி; ஒரகடத்தில் ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். அவள் இந்த வரிசையில் ஒரு படமும் பார்த்ததில்லை. போகிற வழியில் ஐந்து பாகத்தின் கதையையும் அவளுக்குச் சொல்லி முடித்தேன்.

"இம்புட்டையும் மனப்பாடமா வச்சிருக்கியேளா" என்றாள், "டீ"க்குப் பதில் அவள் ஊர் "ளா" போட்டு. "பாடத்த இப்படிப் படிச்சிருந்தா கலெக்டரு ஆயிருப்ப."

படம் தொடங்கியது. ஒரு குழாய் வெடிக்கிறது. பழுது பார்க்கப் போன நான்கு பேர் வரிசையாகச் சாகிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் பெயர் கிடையாது. ஒருவன் சாகும் விதம் சிரிப்புக் காட்சி. முதல் படம் முழுக்க முழுக்க இப்படிப்பட்டவர்களைப் பற்றியது. அதை எடுத்தவர்களின் வாரிசுகள் இவர்களைப் பட்டாசு மாதிரிக் கொளுத்திப் போட்டிருந்தார்கள்.

பிறகு ஒரு இளைஞன் வந்தான். அழகான முடி. நிலவுக்குள் வாழ்கிறவனுக்கு அந்த முடியைக் கலைக்கக் காற்று எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அவன்தான் இனி கதாநாயகன். அவனுக்கு வழிகாட்ட, வயதாகிப்போன அந்தப் பெண்ணைத் தேடிப் பிடித்துக் கொண்டுவருகிறார்கள். அவளைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவளுக்குக் கொடுத்த வேலை என்ன? அந்தப் பையன் பேசும்போது தலையாட்டுவது. அவன் தயங்கும்போது, "உன்னால் முடியும்" என்பது. ஆளுக்கு ஆள் "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்றார்கள். எங்கள் ஆண்டு விழா மேடையில் வருஷம் தவறாமல் கேட்கிற அதே வசனம்.

இதையும் தாங்கியிருப்பேன். இடைவேளைக்குப் பிறகு செய்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்தப் பெண்ணின் அப்பா ஒரு பெரிய விஞ்ஞானியாம். ஐந்து படங்களில் இல்லாத அப்பா. அவள் சின்னக் குழந்தையாக இருந்தபோதே அவள் மூளைக்குள் ஒரு சின்னப் பொருளைப் புதைத்து வைத்தாராம். தட்டல் சத்தம் கேட்டால் கதவைத் திற என்று அதில் எழுதியிருந்ததாம். அதனால்தான் திறந்தாளாம்.

அந்த முகம், அந்த அமைதி, சக்கரத்தைப் பிடித்த அந்தக் கை எல்லாம் அப்பா முன்கூட்டியே எழுதிவைத்த உத்தரவு என்று ஆகிவிட்டது. புதிய படம் மோசமாக இருந்தால் அது அந்தப் படத்தோடு போகட்டும். இது பின்னால் போய், நல்லாயிருந்த படத்தையும் கெடுத்துவிட்டு வந்தது. நான் கையில் இருந்த சமோசாவை அப்படியே பொட்டலத்தில் திரும்ப வைத்தேன். திரும்பிப் பார்த்தால் தோழி துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

வெளியே வந்தால் வாசலில் எச்.ஆர். மேடம் மைக்கோடு நிற்கிறார். எங்கள் சேமநலம், விழா, சுற்றுலா எல்லாம் அவர் பொறுப்பு. பக்கத்தில் ஒருவர் போனில் வீடியோ எடுக்கிறார்.

"படம் எப்படி இருந்துச்சு? ரெண்டு வார்த்தை சொல்லும்மா, பாசிட்டிவா."

நான் சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது. "கம்பெனி இட்டுனு வந்ததுக்கு ரொம்ப தேங்க்ஸ் மேடம். இந்த சீரிஸ்ல மொதப் படம் எனக்கு உசுரு. அந்த மாதிரி ஒரு படம் எங்கயும் பாக்க முடியாது. ஆனா இது அதுக்குச் செஞ்ச துரோகம். அந்தப் பொண்ணு தானா செஞ்ச ஒரே வேலையையும் அவ அப்பன் கணக்குல எழுதிட்டானுங்க. எடுத்தவனுங்க மொதப் படத்தப் பாத்தானுங்களான்னே தெரில."

மேடம் சிரிப்பு மாறாமல் மைக்கை அடுத்தவளிடம் நீட்டினார்.

பஸ்ஸில் திரும்பும்போது தோழியைப் பிடித்துக்கொண்டேன். "இதுக்குப் போயி இன்னாத்துக்குடி அழுத?"

"எனக்குப் புடிச்சிருந்திச்சு."

"அதான் இன்னா புடிச்சிதுன்னு கேக்குறேன்."

"கதவத் தொறந்ததுல எத்தன பேரு செத்தான்னு ஊரே அவள ஏசிக்கிட்டுக் கெடந்துச்சுன்னு நீதான சொன்ன? இப்ப அது அவ குத்தமில்லன்னு ஆயிட்டுல்லா. அதான் அழுக வந்துச்சு."

"குத்தமா? அது அவளோட பெரும டீ!"

"ஒனக்குப் பெரும. நான் இங்க வேலைக்கு வந்தத எங்க வீட்ல இன்னமும் சொல்லிக் காட்டுதாவ. அப்பாவுக்கு மேலுக்கு முடியலன்னாலும் அதுக்கு நாந்தான் காரணம், தங்கச்சி கல்யாணம் தள்ளிப்போனாலும் நாந்தான் காரணம். எவனாவது எந்தலைக்குள்ள எழுதி வச்சிருந்தான், அதான் வந்தேன்னு சொல்ல முடிஞ்சா நிம்மதியா இருக்கும்ளா."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. "உன் கத வேற, படம் வேற" என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரகடம் மேம்பாலத்தில் இறங்கும்போதுகூட, வாரேன் என்று சொல்லவில்லை.

அடுத்த வாரம் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில் உட்கார்ந்திருந்தேன். வழக்கமாகப் பாதுகாப்பு வீடியோ ஓடுகிற டிவியில் பாட்டு ஒன்று கேட்டது. நிமிர்ந்தால், சினிமாவுக்குப் போன படங்கள். பாப்கார்ன், செல்ஃபி, கையசைப்பு. பிறகு நான்.

"இந்த சீரிஸ்... எனக்கு உசுரு. அந்த மாதிரி ஒரு படம் எங்கயும் பாக்க முடியாது. கம்பெனி இட்டுனு வந்ததுக்கு ரொம்ப தேங்க்ஸ் மேடம்."

முன்னால் இருந்ததைப் பின்னால் ஒட்டி, நடுவில் வெட்டி, பின்னால் இருந்ததைத் தூக்கி எறிந்திருந்தார்கள். என் முகத்தின் மேல் பூ விழுந்துகொண்டிருந்தது. கேன்டீனில் கைதட்டினார்கள். பக்கத்து டேபிளில் இருந்த அக்கா, "அவ்ளோ நல்லாவா கீது? எனக்கு ஒண்ணும் புரியலையேம்மா" என்று என்னிடமே கேட்டார். தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தேன்.

சூப்பர்வைசரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு எச்.ஆர். மேடம் அறைக்குப் போனேன்.

"மேடம், நான் சொன்னத வெட்டிப் போட்டுக்கீறீங்க. போட்டா முழுசாப் போடுங்க. இல்லன்னா எடுத்துடுங்க."

அவர் உண்மையிலேயே புரியாமல்தான் பார்த்தார். "இது படத்தைப் பத்தின வீடியோ இல்லம்மா. நம்ம ஈவன்ட் பத்தினது. எல்லாரும் ஜாலியா இருந்தீங்கன்னு காட்டணும், அவ்வளவுதான். ஹெட் ஆபீஸுக்குக்கூட அனுப்பிட்டேன்."

"நான் ஜாலியா இல்ல மேடம். கோவமா இருந்தேன்."

"ஒரு சினிமாவுக்கா? வெறும் சினிமாதானேம்மா?"

"சினிமாதான் மேடம். அதுலயாவது நான் சொன்னது சொன்னபடி இருக்கட்டுமே."

அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். பார்க்கிறேன் என்றார். அடுத்த நாளும் டிவியில் என் மேல் பூ விழுந்தது.

நான் எழுந்து நின்றேன். யோசித்துச் செய்ததில்லை. டிவியில் என் குரல் "தேங்க்ஸ் மேடம்" என்று முடித்ததும், அதே இடத்திலிருந்து உரக்கத் தொடர்ந்தேன். "ஆனா இது அதுக்குச் செஞ்ச துரோகம்!" மிச்சத்தையும் சொல்லி முடித்தேன். பிறகு எங்கேயோ ஒருத்தி சிரித்தாள். சிரிப்பு டேபிள் டேபிளாகப் பரவியது. நான் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் என் முகம் டிவியில் வந்ததும் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். வேறு வழியில்லை, எழுந்து சொன்னேன். நான் முடித்ததும் மூலையில் இருந்து ஒருத்தி எழுந்தாள். வீடியோவில் அவளும் சிரித்தபடி கையசைத்திருந்தாள். "எனக்கு அன்னிக்கு வீக் ஆஃப்! வரலன்னா ஆப்சென்ட் போடுவேன்னாங்க, அதான் வந்தேன்!" கேன்டீன் அதிர்ந்தது. அதற்கடுத்த நாள், பஸ்ஸில் ஏசி வேலை செய்யாதது ஒருத்தி வாயிலிருந்து வந்தது. சமோசா ஊசிப்போயிருந்தது இன்னொருத்தி வாயிலிருந்து வந்தது. ஒவ்வொருத்தியும் தன் முகம் திரையில் வரும்வரை காத்திருந்து, எழுந்து நின்று, மிச்சத்தைச் சொன்னாள். படத்தைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்பது எனக்கு ஒரு குறைதான்.

டிவியின் சத்தத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். சத்தமில்லாமல் எங்கள் வாய் அசைந்தபோது கேன்டீனில் இருந்தவர்களே குரல் கொடுத்தார்கள். அது இன்னும் மோசமாகப் போயிற்று. அந்த வாரக் கடைசியில் வீடியோவை எடுத்துவிட்டார்கள். கையுறை போடுவது எப்படி என்ற பழைய பாதுகாப்பு வீடியோ மறுபடி வந்தது. சூப்பர்வைசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உன் வேலையில ஒரு கொற இல்லம்மா. ஆனா வாய் ஆவாது" என்றார். எச்.ஆர். மேடம் வராண்டாவில் எதிரே வந்தால் போனைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். அடுத்த வெளியூர்ப் பயணத்தில் மைக் என் பக்கமே வரவில்லை.

தோழி இத்தனையிலும் எழுந்து நிற்கவில்லை. வீடியோவில் அவளும் இருந்தாள். "சூப்பரா இருந்திச்சு, அழுதுட்டேன்" என்று சொல்லியிருந்தாள். அதில் வெட்டப்பட்டது எதுவும் இல்லை.

ஒருநாள் டீ இடைவேளையில் அவளே வந்தாள். "நீ திட்டுததுக்குன்னே பாத்த. இன்னொரு தடவ பொறுமையாப் பாரு. பொறவு என்ன வேணா சொல்லு, கேக்கேன்."

நியாயமாகப் பட்டது. வார விடுமுறையில் காலையிலேயே அவள் ஹாஸ்டலுக்குப் போனேன். அதற்குள் படம் போனுக்கு வந்துவிட்டிருந்தது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில், ஆளுக்கொரு காதில் இயர்போன் வைத்துக்கொண்டு பார்த்தோம்.

ஒரு காட்சி நன்றாகத்தான் இருந்தது. முதல் தடவை நான் கோபத்தில் கவனிக்கவில்லை. வயதான அவள், தான் வேலை செய்த பழைய சுரங்கப் பாதைக்குள் நடக்கும்போது வழி மறந்து நின்றுவிடுகிறாள். வெட்கத்தோடு பின்னால் வருகிறவனைப் பார்க்கிறாள். அந்த நடிகை ஒரு வார்த்தை பேசாமல் அதைச் செய்திருந்தார். அவரை வைத்துக்கொண்டு இவ்வளவுதானா எடுக்க முடிந்தது என்று இன்னும் ஆத்திரம் வந்தது. மற்றபடி, இரண்டாவது தடவை படம் இன்னும் மோசமாக இருந்தது. முடி கலைகிற இடங்கள்கூடக் கூடிவிட்ட மாதிரி இருந்தது.

"பாத்தேன். பொறுமையாத்தான் பாத்தேன். குப்ப" என்றேன்.

"சரி" என்றாள். அவள் இந்தத் தடவை அழவில்லை. ஆனால் தன் கருத்தையும் மாற்றிக்கொள்ளவில்லை.

"இப்ப நீ மொதப் படத்தப் பாக்கணும். அப்பத்தான் சமம்."

ஒத்துக்கொண்டாள். கீழே கடையில் சாப்பிட்டுவிட்டு வந்து முதல் பாகத்தைப் போட்டேன். எத்தனையோ வருஷம் கழித்து ஒருத்திக்கு அதைக் காட்டுகிறோம் என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. படத்தைவிட அவள் முகத்தைத்தான் அதிகம் பார்த்தேன். அவள் கொட்டாவி விட்டாள். "எப்பளா கத ஆரம்பிக்கும்?" என்றாள். அதுதான் கதை என்றேன். "ஒரே இழுவையா இருக்கு" என்றாள். தட்டல் சத்தம் கேட்கத் தொடங்குகிற இடத்தில் சுவரில் சாய்ந்து தூங்கியே போய்விட்டாள்.

எழுப்பத்தான் கை போனது. ஆனால் அவளுக்கு அந்த வாரம் முழுக்க ஓவர்டைம். மீதியை நான் தனியாகப் பார்த்தேன். அது அன்றைக்கும் மாறாமல் இருந்தது. அப்பாவும் இல்லை, மூளைக்குள் ஒன்றும் இல்லை. அவள் முகம், பிறகு கை.

படம் முடிகிற நேரத்தில் அவள் கண் விழித்தாள்.

"தொறந்தாளா?"

"தொறந்துட்டா."

"யாரு சொல்லி?"

"யாரும் சொல்லல. அவளாத்தான்."

அவள் போனைப் பார்த்தாள். எழுத்துகள் மேலே ஓடிக்கொண்டிருந்தன.

"பாவம்" என்றாள்.

எனக்கு வாய் வரை பதில் வந்தது. தூங்கிவிட்டுக் கருத்துச் சொல்கிறாயா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவள் எழுந்து, துவைத்துக் காயப்போட்டிருந்த யூனிஃபார்மை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். நானும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டேன்.

இப்போது அவள் இரண்டாவது ஷிஃப்டுக்கு மாறிவிட்டாள். நான் வெளியே வரும்போது அவள் உள்ளே போவாள். கேட்டில் பார்த்துக்கொள்வோம். ஆறாவது பாகத்தைப் பற்றிய பேச்சு மட்டும் எங்களுக்குள் இன்னும் முடியவில்லை. போன வாரம்கூட, அடையாள அட்டையைத் தேய்க்க வரிசையில் நின்றபடி, அந்த அப்பா பாத்திரம் நல்ல மனிதர்தான் என்று ஆரம்பித்தாள். பின்னால் நின்றவர்கள் சத்தம் போடும்வரை நான் அந்த மனிதரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.